லக்னோவில் ஒரு அடிக்கல்

லக்னோவுக்கு மாற்றலாகி வந்த நம்மவர்கள் எல்லோரும் இமாம்பாரா பார்த்திருப்போம், சிக்கன் துணி வாங்கி ஊருக்கு அனுப்பியிருப்போம். பல்கலைக்கழகச் சாலையில் இருக்கும் பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்குள் எத்தனை பேர் போயிருக்கிறோம்? மகளின் பள்ளி ப்ராஜெக்ட் புண்ணியத்தில்தான் நானே போனேன்.

மியூசியம் சின்னதுதான். பாறையில் அச்சாகப் பதிந்த இலைகள், கல்லாகிப்போன மரத்துண்டுகள். "இது மரமாப்பா, கல்லாப்பா?" என்றாள். நம் திருவக்கரையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். புதைந்த மரத்துக்குள் தண்ணீரோடு சிலிக்கா ஊறி ஊறி, இழையும் வளையமும் அப்படியே இருக்க, மரம் கல்லாகிவிடுகிறது.

என்னை நிறுத்தி வைத்தது அங்குள்ள அடிக்கல். அடிக்கல் என்றாலே நமக்குப் பெரிய மனிதர்களின் பெயர்கள்தான். (வங்கிக் கிளைத் திறப்பு விழாக்களில் நான் பார்க்காததா!) இந்தக் கல்லில் பதிந்திருப்பவை புதைபடிவங்கள். பல இடங்களில் கிடைத்தவற்றைச் சேர்த்து சாஹ்னியே தயாரித்தது.

ராஜ்மகால் குன்றுகளின் தொல்தாவரங்களை ஆராய்ந்தவர் அவர். 1936இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1946இல் இந்த ஆராய்ச்சிக்கென அறக்கட்டளை தொடங்கியபோது முதல் மூலதனம் அவரும் மனைவி சாவித்ரியும் கொடுத்த சொந்தப் பணம், சொத்து, புத்தகங்கள், புதைபடிவச் சேகரிப்பு. எத்தனையோ பேரின் சொத்துப் பட்டியலைப் பார்த்தவன் நான். கல்லையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவரை இங்கேதான் கண்டேன்.

1949 ஏப்ரல் 3 அன்று நேரு அந்த அடிக்கல்லை நாட்டினார். ஒரே வாரம். ஏப்ரல் 10 அன்று மாரடைப்பில் சாஹ்னி காலமானார். வயது 57. நிறுவனத்தைப் பார்த்துக்கொள் என்று கடைசியாக மனைவியிடம் சொன்னாராம்.

சாவித்ரி விஞ்ஞானி அல்ல. கட்டடம் எழும்பவில்லை, கணவர் இல்லை. நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள்? "உனக்கெதற்கம்மா இந்த வம்பு, பிறந்த வீட்டுக்குப் போ" என்றுதானே. அவர் போகவில்லை. நிர்வாகப் பொறுப்பைக் கையில் எடுத்தார். 1953 ஜனவரி 2 அன்று கட்டடத்தைத் திறந்து வைக்க அதே நேரு வந்தார். 1969இல் சாவித்ரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாஹ்னியின் சமாதி அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். நேரு இருந்தார், சாஹ்னி இருந்தார். "அந்தம்மா எங்கேடி?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.