மலைநாட்டுப் பிள்ளைகளின் பற்கள்

பல் போனால் சொல் போயிற்று என்பர். சொல்லே கேட்கப்படாத மக்களின் பல்லைப் பற்றி யார் கவலை கொண்டனர்? கண்டியைச் சூழ்ந்த மலைகள் இதற்கு விடை கூறும்.

கொழும்பில் 1938இல் தொடங்கிய பல்வைத்தியக் கல்வி, 1954இல் கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைக்கு வந்தது. அதே பத்தாண்டில், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு, பாடசாலைப் பல்வைத்தியத் தாதியருக்கான பயிற்சி மகரகமவில் ஆரம்பமாயிற்று. நியூசிலாந்து 1921 முதல் நடத்திக் காட்டிய முறை அது. பிள்ளை வைத்தியரைத் தேடி அலைய வேண்டாம். சிகிச்சை பள்ளிக்கே வரும். சூத்தை சிறிதாயிருக்கும்போதே துப்புரவாக்கி அடைத்துவிட்டால் பல் தப்பும். பொதுப் பணத்தில் நிகழ்ந்த அரிய மக்கட்பணி அது.

ஆயின், எந்தப் பள்ளிக்கு? 1945இல் மலர்ந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை அவை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கப் பள்ளியை அண்டி வளர்ந்த சேவை லயத்துப் பிள்ளையை எவ்வாறு அடையும்?

1970இல் நோர்வே நாட்டு அறிஞர் ஹாரல்ட் லோவின் குழு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரின் வாய்களை ஆராயத் தொடங்கியது. பல்வைத்தியத்தின் வாசனையே அறியாதவர்கள் என்பதே அவர்களின் தகுதி! ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டோர், பிள்ளைப் பருவம் முதலே ஒழுங்கான சிகிச்சை பெற்ற ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும் 565 பேர். தொழிலாளர் மீதான ஆய்வு 1985 வரை தொடர்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 8 பேரின் முரசுநோய் விரைந்து முற்றியது; 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது; 11 பேருக்கு ஆரம்ப அழற்சியோடு நின்றது. 1986இல் வெளியான இம்முடிவு உலகப் பல்வைத்திய மாணவர்க்குப் பாடமாயிற்று.

பல்வைத்தியக் கல்வி பேராதனைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரும், மலைகளுக்கு அப்பால் பல்வைத்தியம் காணாத மனிதர் ஆராய்ச்சிக்குக் கிடைத்தனர். இதைவிடக் கூர்மையான சமூகக் குற்றச்சாட்டு வேறு வேண்டுமோ?

அத்தொழிலாளரிடம் சூத்தை மிக அரிதாகவே காணப்பட்டது. பற்களிற் படியும் சீனியைக் கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் பல்லை அரிப்பதே சூத்தை. இன்றோ இனிப்புப் பண்டம் தோட்டத்துக் கடைவரை வந்துவிட்டது. 2015-16ஆம் ஆண்டுகளின் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் சூத்தையுடையோர். முன்னோருக்கு வராத நோய் பிள்ளைகளைத் தேடி வருகிறது. சிகிச்சையும் அதே வேகத்தில் வர வேண்டாமா?

உலகின் அறிவுக்காகத் தம் வாயைத் திறந்து காட்டியவர்கள் அம்மக்கள். ஒஸ்லோப் பிள்ளைக்குக் கிடைத்த சிகிச்சையை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் உரிமையாக்குவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.