படத்தில் ஓடிய சோமசெற்

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வரும்போது நல்ல படங்கள் நாலைந்து போடுவார்கள். பொனற் நுனியில் பறக்கும் 'ஏ', உருண்டு திரண்ட மட்கார்ட், ஸ்ரியறிங்கோடு ஒட்டிய கியர்த்தடி. அதன் கீழே 'சினிமாப் படத்தில் ஓடிய கார்' என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் விலை வேறு. அந்த வரி உண்மையா என்று கேட்பவர், கார் வந்த வழி முழுவதையும் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

சோமசெற் பிறந்தது பர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜ் ஆலையில், 1952 முதல் 1954 வரை. 1200 சிசி, நாலு சிலிண்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் வெறுமையான கஜானாவை நிரப்ப, செய்ததையெல்லாம் கப்பலேற்றி விற்றுக்கொண்டிருந்த பிரித்தானியாவிடமிருந்து ஒஸ்ரினும் மொறிஸும் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கின. யாழ்ப்பாணத்தில் அவற்றை வாங்கியவர்கள் டொக்டர்மார், புறக்டர்மார், மலாயா பென்சன்காரர். பிறகு அவை கைமாறி வாடகைக் கார்களாயின. கலியாணம், கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவைதான் ஓடின. அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகியதும், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. இங்குள்ள கராஜ்களின் கைத்திறன் அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தது.

முதலாவது சாட்சி நம்பர் பிளேற். ஐம்பதுகளின் முற்பகுதியில் இலங்கையில் பதிந்த கார்களுக்கு ஆங்கில எழுத்து இரண்டும் ஓர் எண்ணும். சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல்தான் வந்தது. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் வடக்குக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சியினர் தாரால் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. பிளேற்றில் உள்ள ஓரெழுத்து இந்த நாட்டில் இவ்வளவு கனமானது. ஆகவே 1953இல் வந்ததாகச் சொல்லும் சோமசெற்றில் ஸ்ரீ இலக்கம் இருந்தால், ஏன் என்று விற்பவர் விளக்கவேண்டும். இரண்டு கார்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்; செத்துப்போன ஒன்றின் பதிவுப் புத்தகத்தை இன்னொன்றுக்கு மாட்டியிருக்கலாம்.

ஆனால் படத்தோடு ஒப்பிடும்போது இதே பிளேற் பலவீனமான சாட்சியாகிவிடுகிறது. கதை நடக்கும் காலத்துக்கும் ஊருக்கும் ஏற்றபடி படக்குழு போலிப் பிளேற் மாட்டுவது வழக்கம். திரையில் தெரியும் இலக்கமும் புத்தகத்து இலக்கமும் பொருந்தாததால் மட்டும் கார் பொய்யாகாது. பொருந்துவதால் மட்டும் மெய்யும் ஆகாது. திரையைப் பார்த்து ஒரு தகடு அடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

இந்தக் கார்களின் உடம்பில் மற்றெந்த ஊர்க் கார்களிலும் காணக் கிடைக்காத அடையாளங்கள் 1990இல் தொடங்கின. போர்க்காலப் பொருளாதாரத் தடையோடு பெற்றோல் இல்லாமல் போனது. யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிற்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் எடுப்பார்கள். மனிபோல்ட் சூடேறியதும் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும். வீதியெல்லாம் வெண்புகை. குறைந்த அமுக்கத்தில் ஓடும் பழைய பிரித்தானிய எஞ்சின்கள் இதைத் தாங்கின. இருந்தாலும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கப் பண்ணும், வால்வுகளில் கரி கட்டும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, ஓடக்கூடிய வாகனம் எதுவும் வீட்டில் சும்மா நிற்கவில்லை.

பொனற்றைத் திறந்து பார்த்தால் இந்தக் காலம் அங்கே இருக்கும். போத்தலைக் கட்டத் துளைத்த ஓட்டை, வேறு வாகனத்திலிருந்து வந்த குழாய், கையால் வெட்டிய காஸ்கெற். கதவுத் தூணில் கைபோல நீட்டி மடங்கும் பழைய சிக்னல் இருந்த இடம் தகடு வைத்து ஒட்டப்பட்டு, மேலே இரண்டு தரம் பெயின்ற் ஏறியிருக்கும். தழும்பு ஆளை அடையாளம் காட்டுவதுபோல இவை காரை அடையாளம் காட்டும். பளபளவென்று 'ஒரிஜினல்' என நிற்கும் யாழ்ப்பாணத்துக் காரைவிட, இப்படி ஒட்டுப்போட்ட காரையே நான் முதலில் நம்புவேன்.

உலகத்தில் பெரிய விலைக்குப் போன சினிமாக் கார்களும் காயங்களாலும் இலக்கங்களாலும்தான் அடையாளம் காணப்பட்டன. 1968இல் வந்த 'புல்லிட்' படத்துக்கு ஸ்ரீவ் மக்குயின் ஓட்ட இரண்டு பச்சை மஸ்ராங் கார்கள் எடுத்தார்கள். ஒன்று ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் பல்லாண்டு அடங்கிக் கிடந்தது. மக்குயினே 1977இல் அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார்; கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் கட்டணங்கள் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. மற்றது 2017இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் துருப்பிடித்த கூடாகக் கிடைத்தது. வாங்கியவர்கள் அதை வேறொரு சினிமாக் காரின் நகலாக்கப் புறப்பட்டிருந்தார்கள். சேசிஸ் இலக்கமும், பாய்ச்சல் காட்சிகளுக்காக வலுப்படுத்திய முன்பகுதியும், பின்பெட்டியில் இட்ட துளைகளும் அதைக் காப்பாற்றின. அந்தத் துளைகளை யாராவது 'அழகாக' அடைத்துப் பெயின்ற் அடித்திருந்தால் அந்தக் காரின் சாட்சியில் பாதி போயிருக்கும்.

நமக்கு இன்னொரு இடரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கப் படம் வேண்டும். யாழ்ப்பாணத்து வாழ்வைச் சொன்ன 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' 1977இல். 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சாம்பலாயின. 'அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் வந்தது' என்று விற்பவர் சொன்னால், எந்தப் படம், எந்தக் காட்சி, அது இன்று எங்கே பார்க்கக் கிடைக்கிறது என்று கேட்கவேண்டும். பார்க்கக் கிடைக்காத படத்தின் பெயரால் காசு கேட்பதற்கு இடம் கொடுக்கக்கூடாது. எரிந்துபோனவற்றுக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுதான்.

காட்சி கிடைத்தால் அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நிறத்தையும் சில்லுக் கோப்பையையும் விட்டுவிடுங்கள், அவை மாறும். கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி, டாஷ்போர்டின் வெடிப்பு, ஒருபக்கம் சற்றுக் கோணிய பம்பர், முன்விளக்கு வளையத்தின் நெளிவு: இவை இரண்டு கார்களில் ஒரே மாதிரி அமையா.

அடுத்தது கடதாசி. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவேண்டும். எஞ்சின் மாறியிருப்பது இங்கே குற்றமல்ல, மாற்றம் பதியப்பட்டிருந்தால் சரி. தொல்லை 'ஓப்பின் பேப்பர்'. கையொப்பம் வைத்து, திகதி போடாமல் கைமாறிக்கொண்டே போகும் அந்தத் தாள்களில் இடையிலிருந்த உடைமையாளர் எல்லோரும் மறைந்துபோவார்கள். படப்பிடிப்புக்குக் காரைக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர் என்றால், அவரைக் கண்டுபிடிக்காமல் கதை நிற்காது. மொறிஸ் மைனர் என்றால் இங்கிலாந்தில் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் இலக்கத்தை எழுதி அனுப்பலாம். எப்போது செய்தது, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பியது என்று உற்பத்திப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருவார்கள். அது பிறப்பைச் சொல்லும். படத்தைச் சொல்லாது.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து வாங்குவோர் வரத்தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையவற்றின் விலையும் எகிறியது. இப்போது படக்குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பழைய வீடும் பழைய காரும் தேடுகின்றன. கார் வைத்திருப்பவர்கள் வாடகைக் காசோடு வேறு மூன்றையும் கேட்டு வாங்கவேண்டும்: படத்தின் பெயரும் திகதியும் சேசிஸ் இலக்கமும் போட்ட கடிதம், படப்பிடிப்பு இடத்தில் பொனற்றைத் திறந்து இலக்கத் தகடு தெரிய எடுத்த படம், மாட்டிய போலிப் பிளேற். அவற்றைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள், காரை விற்கும்போது அவற்றையும் கொடுங்கள்.