கண்ணுக்கா, உயிருக்கா?

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ அக்கா பையனைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீரங்கத்துல சுகாதார நிலையத்துக்குப் போற வேலை என் தலையில விழுந்துச்சு. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போயாச்சு. ‘வீட்ல சும்மாதானே லேப்டாப்ப நோண்டிக்கிட்டிருக்கே, நீ போ’ன்னு உத்தரவு. (வொர்க் ஃப்ரம் ஹோம்னா சும்மா இருக்கிறதுன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.)

நர்ஸ் ஒரு ஸ்பூன்ல மஞ்சளா ஏதோ ஊத்தி வாயில விட்டாங்க. பய மூஞ்சியைச் சுளிச்சான்.

“இது எதுக்கு சிஸ்டர்?”

“வைட்டமின் ஏ சார். கண்ணுக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும்.”

வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட சொன்னேன். பாட்டிக்கு எண்பத்தி சொச்சம் வயசு. “எங்க காலத்துல இதெல்லாம் ஏது? கண்ணுக்குன்னா பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை. பின்னாடித் தெருவுல ஆட்டு ஈரல் சுட்டுக் கொடுப்பாங்க”ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, நான் அதுவரைக்கும் கேட்டே இராத ஒரு விஷயம் சொன்னாங்க. பாட்டிக்கு ஒரு தம்பி இருந்திருக்கான். பொழுது சாஞ்சா திண்ணையில முட்டிக்குவானாம். மாலைக்கண். மூணு வயசுல மணல்வாரி அம்மை வந்து, அதோட பேதியும் சேர்ந்து, பத்து நாள்ல போயிட்டானாம். “கண்ணு தெரியாதது ஒரு கஷ்டம். அப்புறம் அம்மை வந்தது வேற கஷ்டம்.”

ரெண்டும் வேற வேறயான்னு எனக்குள்ள ஒரு கேள்வி. ராத்திரி தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்ச ஆய்வுக் கட்டுரையோட சுருக்கத்துல நம்ம ஊர் பேர் இருந்துச்சு. திருச்சி மாவட்டம்! இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்திருக்கேன், மலைக்கோட்டைக்கு எத்தனை படின்னு தெரியும், இது தெரியாது.

சரி, கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுத்திக்கலாம்.

வைட்டமின் ஏ குறைஞ்சா முதல்ல போறது அந்தி நேரப் பார்வை. விழித்திரையில மங்கின வெளிச்சத்தைப் பிடிக்கிற ரொடாப்சின்னு ஒரு நிறமி இருக்கு. அதைத் தயாரிக்க இந்த வைட்டமின் வேணும். குறைபாடு முத்தினா வெள்ளை விழியில நுரை மாதிரி புள்ளி வரும், கண் வறண்டு போகும், கடைசியில கருவிழியே கரைஞ்சு நிரந்தரமா குருடாயிடும். தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு இது பழைய எதிரி. 1937லயே குன்னூர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும், சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட்டும் செம்பனை எண்ணெய் கொடுத்து இந்த நோயைக் குணப்படுத்தறதைப் பத்தி எழுதியிருக்காங்க. அந்தக் குன்னூர் கூடம்தான் பின்னாடி ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. அங்க இயக்குநரா இருந்தவர் சேலத்துல பிறந்த சி. கோபாலன். அந்த நிறுவனத்தோட ஆய்வுகளை வச்சு 1970ல இந்திய அரசு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. சின்னப் பிள்ளைங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. நோக்கம் ஒண்ணே ஒண்ணு, குருட்டுத்தன்மையைத் தடுக்கிறது. நர்ஸம்மா சொன்ன ‘கண்ணுக்கு’ங்கற பதில் இந்த 1970ல இருந்து வர்ற பதில்.

அந்தப் பதிலை முதல்ல கலைச்சவர் ஆல்ஃபிரட் சாமர்னு ஒரு அமெரிக்கக் கண் டாக்டர். இந்தோனேசியாவுல கண் நோயைப் பத்திச் சேகரிச்ச கணக்கைப் பார்த்துக்கிட்டிருந்தவருக்கு ஒண்ணு உறுத்துச்சு. லேசான மாலைக்கண் இருந்த பிள்ளைங்க, அடுத்தடுத்த பரிசோதனைக்கு வரவே இல்லை. ஏன்னா உயிரோட இல்லை. கண் நல்லா இருந்த பிள்ளைங்களைவிட சுமார் நாலு மடங்கு அதிகமா இறந்திருந்தாங்க. இதை 1983ல வெளியிட்டார். அப்புறம் சுமத்ராவுல ஆச்சே பகுதியில 450 கிராமங்களை எடுத்து, பாதிக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்ததுல சாவு 34 சதவீதம் குறைவுன்னு 1986ல எழுதினார். நிறைய பேர் நம்பலை. ரெண்டு பைசா மாத்திரை பிள்ளை உயிரைக் காப்பாத்துமா? அதுவுமில்லாம அந்த ஆய்வுல மறுபாதிக்குப் போலி மருந்து கொடுக்கலை. சந்தேகப்பட இடம் இருந்துச்சு.

இங்கதான் நம்ம ஊர் வருது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்க (டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாரே, அதே அரவிந்த்), அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தைச் சேர்ந்த பார்பரா அண்டர்வுட்டோட சேர்ந்து, திருச்சி மாவட்டத்துல 15,419 குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் பள்ளிக்கூடம் போற வயசுக்குக் கீழ. கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் பிரியாத பழைய பெரிய திருச்சி மாவட்டம். 7,764 பேருக்கு வைட்டமின் ஏ, கூடவே வைட்டமின் ஈ. 7,655 பேருக்கு வைட்டமின் ஈ மட்டும். எது எந்த மருந்துன்னு கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது, வாங்கிக்கிறவங்களுக்கும் தெரியாது. நம்ம ஆபீஸ்ல பட்டன் பச்சையா நீலமான்னு ஏ-பி டெஸ்ட் போட்டு ரெண்டு வாரம் மண்டைய உடைச்சுக்கறோமே, அதே தத்துவம்தான். ஆனா இங்க எண்ணினது கிளிக் இல்லை.

ரொம்ப முக்கியமான வித்தியாசம் டோஸ்ல. ஆறு மாசத்துக்கு ஒரு பெரிய டோஸ் கொடுக்கலை. ஊர்த் தொண்டர்கள் வாராவாரம் வீட்டுக்கே வந்து 8,333 யூனிட் மட்டும் கொடுத்தாங்க. அதாவது அந்த வாரம் ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா சாப்பாட்டுலயே கிடைச்சிருக்க வேண்டிய அளவு. கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். 8,333ஐ 26 வாரத்தால பெருக்கினா 2,16,658. அரசுத் திட்டத்தோட 2 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட அதே தொகை! அரசாங்கம் மொத்தமாக் கட்டினதை இவங்க இ.எம்.ஐ.யாக் கட்டியிருக்காங்க.

ஒரு வருஷம் ஓடுச்சு. 125 குழந்தைகள் இறந்துபோச்சு. விபத்தைக் கழிச்சா 117. மூடி வச்ச பட்டியலைத் திறந்து பார்த்தாங்க. வைட்டமின் ஏ சாப்பிட்ட பக்கம் 37. சாப்பிடாத பக்கம் 80.

பாதிக்கும் கீழ. 54 சதவீதம் குறைவு. ரஹ்மத்துல்லா முதல் ஆசிரியரா இருக்கிற அந்தக் கட்டுரை 1990 அக்டோபர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. இதே மாதிரி நடந்த வேற எந்தப் பெரிய ஆய்வுலயும் இவ்வளவு குறைவு வரலை. அதிகப் பலன் யாருக்குன்னா மூணு வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்கும், சத்துக்குறைவால வயசுக்கேத்த உயரம் வளராதவங்களுக்கும். தப்பின உயிர்கள் பெரும்பாலும் பேதி மாதிரி தொற்றுகள்லேருந்து தப்பினவை. ஏன்னா குடலோட உள்பூச்சு, மூச்சுக்குழாயோட உள்பூச்சு, நோய் எதிர்ப்பு அணுக்கள், இது எல்லாத்துக்கும் வைட்டமின் ஏ வேணும். கண்ணுல தெரியறது வெளியில தெரியற விரிசல் மட்டும்தான். சுவர் உள்ள முழுக்க உளுத்திருக்கும்.

பாட்டி தம்பி ஞாபகம் வந்துச்சு. அதே 1990ல தென்னாப்பிரிக்காவுல தட்டம்மை முத்தி ஆஸ்பத்திரியில கிடந்த 189 குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு வந்திருக்கு. இறந்த 12 பேர்ல 10 பேர் வைட்டமின் ஏ கிடைக்காதவங்க. மாலைக்கண், மணல்வாரி, பேதி... மூணும் வேற வேற கஷ்டம் இல்லை. ஒரே சங்கிலி.

கதை இதோட சுபம்னு முடிஞ்சா நல்லாயிருக்கும். முடியலை.

அதே 1990ல, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க தங்களோட ஆய்வை லான்செட்ல வெளியிட்டாங்க. 15,775 குழந்தைகள், கிட்டத்தட்ட திருச்சி அளவேதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் யூனிட். முடிவு? ரெண்டு பக்கமும் சாவு ஒரே அளவு. ஆனா அதுல ஒரு சுவாரசியமான வரி இருக்கு. ரெண்டு தவணையும் தவறாம வாங்கின குழந்தைகள், போலி மருந்து வாங்கின பக்கத்துலகூட, கம்மியா இறந்திருக்காங்க. வீட்டு வாசலுக்கு ஒருத்தர் வந்து பிள்ளையைப் பார்த்துட்டுப் போற தூரத்துல இருக்கிற குடும்பமா இருக்கிறதே ஒரு பாதுகாப்பு போல. திருச்சியில அந்த வருகை ரெண்டு பக்கத்துக்கும் வாராவாரம் இருந்துச்சு. அதையும் தாண்டித்தான் 37க்கும் 80க்கும் வித்தியாசம்.

1993ல பீட்டன்கிறவரோட குழு எல்லா ஆய்வையும் கூட்டிப் பார்த்து, சராசரியா 23 சதவீதம் குறையும்னு சொன்னதும் உலகம் காப்ஸ்யூல் பக்கம் சாஞ்சுது. அப்புறம் உத்தரப்பிரதேசத்துல பத்து லட்சம் குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வு 2013ல வந்துச்சு. 4 சதவீதம்தான் குறைவு, அதுவும் தற்செயலா இருக்கலாம்கிற அளவு. மருந்து நிஜமாவே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு கட்சி, காலம் மாறிடுச்சு, தட்டம்மைத் தடுப்பூசி வந்துடுச்சு, பழைய பலன் இனி வராதுன்னு ஒரு கட்சி. நம்ம கோபாலனும் பெரிய டோஸ் பிரச்சாரத்தை எதிர்த்தார். குறைபாடு சாப்பாட்டுல, அதனால மருந்தும் சாப்பாடாத்தான் இருக்கணும்கிறது அவர் வாதம். 2019ல தன்னோட நூறாவது வயசுல இறக்கிற வரைக்கும் அந்தக் கட்சியிலேயே இருந்தார்.

நான் டாக்டர் இல்லை. ஆனா திருச்சிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறப்போ, அது ரெண்டு கட்சிக்கும் நடுவுல நிக்கற மாதிரி தோணுது. கொடுத்தது மருந்துதான், ஆனா சாப்பாட்டு அளவுல. உலகம் எடுத்துக்கிட்டது ‘வைட்டமின் ஏ உயிரைக் காக்கும்’கிற பாதியை. ‘கொஞ்சம் கொஞ்சமா, வாராவாரம், வாசல்ல வந்து’ங்கற மீதிப் பாதியை விட்டுருச்சு. ஒருவேளை வாராவாரம் வர ஆள் போடறது செலவுன்னு நினைச்சிருக்கலாம்.

இன்னொரு பொருத்தமும் இருக்கு. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினது 1982 ஜூலை 1ல, இதே திருச்சி மாவட்டத்துல பாப்பாக்குறிச்சியில. சத்துணவுத் தட்டு ரெண்டு வயசுக்கு மேலதான் ஆரம்பிச்சது. ஆய்வுல அதிகமாத் தப்பிச்சது மூணு வயசுக்குக் கீழ இருந்த குழந்தைங்க. தட்டு எட்டாத வயசுக்குத்தான் அந்தத் துளி ரொம்பத் தேவைப்பட்டிருக்கு.

இப்போ நிலைமை பரவாயில்லை. 2016-18ல எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புல 1 முதல் 4 வயசுக் குழந்தைகள்ல சுமார் 18 சதவீதம் பேருக்கு வைட்டமின் ஏ குறைவு. எல்லாருக்கும் கொடுக்கணுமா, தேவையான மாவட்டங்களுக்கு மட்டும் போதுமான்னு விவாதம் நடக்குது. கீரை ஆதரவாளர்களுக்கும் ஒரு தகவல்: கீரையில இருக்கிற கரோட்டின் 12 பங்கு சேர்ந்தாத்தான் ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைக்கும்னு இப்போ கணக்கு. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு வதக்கினாத்தான் அதுவும் உடம்புல ஒட்டும்.

மறுநாள் பாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். 37, 80, எல்லாம். பொறுமையாக் கேட்டாங்க.

“அப்போ ஒரு பிடி கீரை ஒழுங்காப் போயிருந்தா அவன் இருந்திருப்பானா?”

ஆயிரக்கணக்கான பேரைப் பத்திச் சொல்ற கணக்கு ஒருத்தனைப் பத்திச் சொல்லாது. இதை எப்படிப் பாட்டிகிட்ட சொல்றது? “தெரியலை பாட்டி. ஆனா இருந்திருக்க வாய்ப்பு அதிகம்”னேன்.

“அவன் கீரை தின்ன மாட்டான். துப்பிடுவான்”ன்னாங்க.

அந்த 15,419 பேர்ல இருக்கிறவங்களுக்கு இன்னைக்கு நாப்பது வயசை ஒட்டி இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல உங்க பக்கத்துல நின்னுக்கிட்டிருக்கலாம். சின்ன வயசுல வாராவாரம் ஒரு அக்கா வந்து வாயில என்னத்தையோ ஊத்திட்டுப் போனது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது.

பி.கு.: வைட்டமின் ஏ ஈரல்ல சேர்ந்துக்கிட்டே போற சாமான். நல்லதுதானேன்னு நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, அளவு மீறினா விஷம். நர்ஸம்மா சொல்ற தேதியில போங்க, போதும். அக்கா பையனுக்கு அடுத்த டோஸ் ஆறு மாசம் கழிச்சு. நானே லீவு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.