மாஸ்டர் வால்யூம்: ஒரு நாப் இரண்டான கதை

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு நாப் பத்தி. வீட்டிலேயே வால்வு கிட்டார் ஆம்ப் கட்டுறவங்க, அது ஓட ஆரம்பிச்சதும் சீக்கிரமே யோசிக்கிற ஒரு மாற்றம் உண்டு: மாஸ்டர் வால்யூம். அது ஏன் தேவைப்பட்டது? அதுக்கு 1962 லண்டனுக்குப் போகணும்.

ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்மர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்கள் அங்கே ரொம்ப விலை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை வைத்து சொந்தமா ஒரு ஆம்ப் செய்தார்கள். அதுதான் ஜேடிஎம் 45.

பழைய வால்வு ரேடியோ பார்த்திருப்பீங்க. அதே வால்வுதான் இங்கேயும். கிட்டார் சிக்னலை முதலில் சின்ன வால்வுகள் பெருக்கும். பிறகு பெரிய வால்வுகள் ஸ்பீக்கரைத் தள்ளும். வால்யூமைக் கூட்டக் கூட்ட, சிக்னல் வால்வு தாங்கும் எல்லையில் முட்டி, மேலும் கீழும் நசுங்கும். அதுதான் டிஸ்டார்ஷன். எஞ்சினியருக்கு அது குறை. கிட்டாரிஸ்ட்டுக்கு அதுதான் குரல். 1966-ல் ஜான் மயாலோட ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் ஸ்டூடியோவிலேயே மார்ஷல் ஆம்பை சத்தமா வெச்சுத்தான் வாசிப்பேன்னு நின்னார். காரணம் இதுதான்.

சிக்கல் என்னன்னா, அந்தக் குரல் வேணும்னா அந்தச் சத்தமும் வந்தே ஆகணும். ‘த ஹூ’ குழுவுக்காக 100 வாட் மார்ஷல்கள் வந்துவிட்டன. பீட் டவுன்சென்ட் பிற்காலத்தில் தன் காது பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்; ஸ்டூடியோ ஹெட்ஃபோனையும் அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னார்.

சரி, வாட்ஸைக் குறைச்சா போதாதா? போதாது. 100 வாட்டை 50 ஆக்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். காதுக்குப் பாதியாகக் கேட்கவே கிட்டத்தட்ட 10 வாட்டுக்கு இறங்கணும். அந்த 10 வாட்டும் முழுசா திறந்தா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

கோடு எழுதுறவங்களுக்கு இது தெரிஞ்ச பிரச்சினைதான்: ஒரே வேரியபிள், இரண்டு வேலை. தீர்வும் தெரிஞ்சதுதான், பிரிச்சிடு! 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் தன் மீசா பூகி ஆம்பில் கூடுதலா ஒரு பெருக்கும் கட்டம் சேர்த்து, வால்யூமையும் மாஸ்டரையும் தனித்தனியா வைத்தார். 1972 வாக்கில் ஃபெண்டர், 1975-ல் மார்ஷல் 2203 மாடல். முதல் நாப், சின்ன வால்வு எவ்வளவு நசுங்கணும்னு சொல்லும். இரண்டாவது, அதில் எவ்வளவு பெரிய வால்வுக்குப் போகணும்னு சொல்லும்.

ஆனா சத்தம் குறைஞ்சதும் பழைய குரல் அப்படியே வரலை. பெரிய வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து திணறும்போது வர்ற கனம் அதில் இல்லை. ரொம்பக் குறைச்சா டப்பாவுக்குள் மாட்டின வண்டு மாதிரி இருக்கும். ஆனால் அதே 2203 சர்க்யூட் 1981-ல் ஜேசிஎம் 800 என்ற பெயரில் வந்தபோது, அந்த இறுக்கமான ஒலியே 80களின் ஹார்ட் ராக், மெட்டல் குரலாகிவிட்டது.

வீட்டில் கட்டுறவங்க இன்னொரு வழி பிடிச்சாங்க. பெரிய வால்வு ஜோடிக்கு சிக்னலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் கட்டத்துக்கு அப்புறம் மாஸ்டரை வைப்பது. பிரிக்கும் கட்டமும் நசுங்கும், ஒலி கொஞ்சம் நிறைவா இருக்கும். ஒரு எச்சரிக்கை: பல ஆம்ப்களில் பெரிய வால்வை அடக்கி வைக்கிற நெகட்டிவ் வோல்டேஜும் அந்த நாப் வழியாத்தான் போகும். உள்ளே தொடர்பு விட்டுப்போச்சுன்னா வால்வு கட்டுப்பாடு இழந்து சிவக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். அதனாலதான் மாற்றுவழியா 2.2 மெகாஓம் ரெசிஸ்டர்கள் சேர்ப்பாங்க. அப்புறம், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கபாசிட்டரில் 400 வோல்ட் கூட தங்கியிருக்கலாம். அதை டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் பார்க்காம உள்ளே கை வைக்காதீங்க.

இன்னைக்கு லேப்டாப்பில் ஆம்ப் பிளகின் திறந்தாலும் கெயின், மாஸ்டர்னு இரண்டு நாப் இருக்கும். அங்கே வால்வும் இல்லை, ஹெட்ஃபோன் போட்டா பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார். சத்தத்தைக் குறைக்க வந்த நாப் இப்போ ஒலியோட பாகமாவே ஆகிடுச்சு. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரை காதைப் பத்திரமா பார்த்துக்கோங்க!