பத்துக்கு எவ்வளவு?

தம்மம்பட்டியில் எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் மரச்சிற்பப் பட்டறைகளில் உளி தட்டும் சத்தம் கேட்கும். என் அம்மாயி அந்தச் சத்தம் தொடங்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பாள். கிழங்கு வெட்டும் காலத்தில் சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்குத் தோல் சீவப் போவாள். பாக்குக் காலத்தில் பாக்கு உரிக்கப் போவாள். இரண்டும் நாளெல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் "இடுப்பு கழண்டு விழற மாதிரி இருக்குது" என்பாள். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இடுப்பு வலி இல்லாத பொம்பளை எங்கே இருக்கிறாள்? மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் நாள் வந்த செவிலியர் கையில் அட்டையோடு கேட்டார்: "பாட்டி, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது." அம்மாயி என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு மூணு போட்டுக்க சாமி" என்றாள்.

மூன்றுக்கு உரிய மாத்திரை கொடுத்தார்கள். அன்று விடிய விடிய அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தாள். ஏன் அம்மாயி மூன்று என்று சொன்னாய் எனக் கேட்டேன். "சாஸ்தியாச் சொன்னா சாஸ்தியாச் செலவு வெப்பாங்கல்ல?"

வலியின் அளவைக் கேட்டார்கள். அவள் சிகிச்சையின் விலையைச் சொன்னாள். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் பெண்களின் வலியை யார் எப்படி அளந்தார்கள் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வலியும் வலிமையும்

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்கு வலியறிதல் என்று பெயர். இன்றைய காதில் அது மருத்துவமனைச் சொல்போல விழுகிறது. ஆனால் அங்கே வலி என்றால் வலிமை. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணைவரின் வலிமை எல்லாவற்றையும் எடைபோட்டு இறங்கு என்று அரசனுக்குச் சொல்கிற அதிகாரம் அது. நோவைக் குறிக்கும் சொல்லும் ஆற்றலைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ஒன்றாக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. தாங்குவதே பெண்ணின் பலம், தாங்குகிறவளே நல்ல பெண் என்று சொல்லிவிட அது வசதியாக இருக்கிறது.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவ வலிக்கு முதலில் ஈதரையும் பிறகு குளோரோபாமையும் கொடுத்துப் பார்த்தார். அதற்கு எதிர்ப்பு வந்தது. வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குக் கடவுள் சொன்னதாக பைபிளில் இருக்க, அதை மாற்ற நீ யார் என்று கேட்டார்கள். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை ஆழ்ந்து தூங்க வைத்தாரே என்று சிம்ப்சன் அதே பைபிளிலிருந்து பதில் சொன்னார். 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோபாம் எடுத்துக்கொண்ட பிறகு எதிர்ப்பின் வேகம் குறைந்தது. ராணிக்கு வலிக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் கிழிந்துபோன உறுப்பைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில் மயக்க மருந்து இல்லாமல் செய்து பழகினார். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை. அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. சிம்ஸுக்கு 'மகளிர் மருத்துவத்தின் தந்தை' என்று பட்டம் கொடுத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018இல் அகற்றப்பட்டது.

இந்தியாவுக்குக் குளோரோபாம் சீக்கிரமே வந்தது. 1880களின் இறுதியில் ஹைதராபாத்தில் அந்த மருந்தின் பாதுகாப்பை ஆராய இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. அதே காலத்தில் அங்கே மருத்துவம் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜியை உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று பலர் குறிப்பிடுகிறார்கள். சென்னையில் 1875இலேயே மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்திருந்தது. அப்போது சேர்ந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லிப், ஆண் மருத்துவர் முன் வரமுடியாத பெண்களுக்காக 1885இல் சென்னையில் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். தன் வலியைச் சொல்லவே ஆள் இல்லாத பெண்களுக்கு, கேட்க ஒரு பெண் கிடைத்தாள். நம் ஊரில் வலியைக் கணக்கிட்ட கதை கருவியில் தொடங்கவில்லை. இங்கேதான் தொடங்குகிறது.

கையைச் சுட்டுப் பார்த்த அளவு

கருவி வந்தது 1940இல். நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி, ஹரால்ட் வுல்ஃப், ஹெலன் குடெல் மூவரும் விளக்கின் வெப்பத்தைக் குவித்துத் தோலைச் சுடும் ஒரு கருவியைச் செய்தார்கள். தங்கள் நெற்றியிலேயே கரி பூசிச் சுட்டுப் பார்த்தார்கள். பிறகு வலிக்கு 'டோல்' என்று ஓர் அலகு வைத்தார்கள். எடைக்குக் கிலோ போல வலிக்கு டோல். பத்தரை டோல்தான் உச்சம்.

அந்த அளவுகோலை நிஜ வலியோடு ஒப்பிட வேண்டுமல்லவா? 1940களின் இறுதியில் பிரசவ வலியில் இருந்த 13 பெண்களிடம் போனார்கள். ஒரு வலி வந்து அடங்கி அடுத்தது வருவதற்குள் அவர்கள் கையைக் கருவியால் சுட்டு, "இப்போது வந்த வலி இந்தச் சூட்டைவிட அதிகமா, குறைவா?" என்று கேட்டார்கள். பிரசவம் நெருங்க நெருங்கச் சூடும் கூடியது. ஒரு பெண்ணுக்கு உச்ச அளவு வரை போய், கை கொப்புளித்தது. பிரசவ வலி பத்தரை டோல் வரை போகும் என்று கட்டுரை வெளிவந்தது.

அந்தப் பெண்கள் சம்மதித்துத்தான் வந்தார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வலி எவ்வளவு என்று அவர்கள் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சொல் அறிவியலுக்குப் போதவில்லை. கையில் சுட்டால்தான் கணக்கில் வரும் என்று நினைத்தார்கள்.

டோல் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் படுகாயம் அடைந்த வீரர்களைப் பார்த்த மருத்துவர் ஹென்றி பீச்சர், அவர்களில் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்றதை 1946இல் எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு தப்பியவனுக்குக் காயம் வேறு பொருள் தருகிறது. அதே அளவு காயம் வீட்டில் இருப்பவனை அலற வைக்கலாம். சூட்டைக் கூட்டிக் குறைத்து அளக்கிற கருவிக்குள் அந்தப் பொருள் அடங்காது.

மீண்டும் சொல்லுக்கு

அதன் பிறகு வந்த முன்னேற்றம் பெரும்பாலும் காது கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. 1968இல் மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர், அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று எழுதினார். செவிலியர் கல்வியில் அது அடிப்படைப் பாடமாக ஆனது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக, பிறகு மருத்துவச் சமூகப் பணியாளராக, பிறகு மருத்துவராக ஆனவர். சாகப்போகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து கேட்டு, உடல், மனம், குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே 'முழு வலி' என்றார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார்.

கனடாவில் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலிக்குச் சொல்லும் சொற்களைச் சேகரித்து 78 சொற்களை 20 குழுக்களாக்கி 1975இல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே நோய்க்குத் துப்பு. நரம்பு வலிக்காரர் எரிச்சல், மின்சாரம் என்பார். தசை வலிக்காரர் பிடிப்பு என்பார். ஆங்கிலத்துக்கு 78 என்றால் நம் வீட்டுப் பெண்கள் வாயில் எத்தனை? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று குத்துவது, மரத்துப்போவது. "இடுப்பு கழண்டு விழற மாதிரி" என்று அம்மாயி பல வருடம் தந்துகொண்டிருந்ததும் ஒரு மருத்துவத் தகவல்தான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண் கெட்டதல்ல. நேற்று ஏழு, மருந்துக்குப் பிறகு நான்கு என்று ஒரே ஆளின் மாற்றத்தைப் பின்தொடர அது நன்றாகப் பயன்படுகிறது. பேச்சின் இடத்தில் எண்ணை வைக்கும்போதுதான் சிக்கல். வலியைக் குறைத்துச் சொல்லப் பழக்கப்பட்டவளுக்கு அந்த எண் குறைவான மருந்தைத்தான் தரும். கூட்டிச் சொன்னாலும் நம்புவார்கள் என்பதற்கு உறுதியில்லை. பெண்களின் வலி எப்படி நடத்தப்படுகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து டயான் ஹாஃப்மன், அனிதா டார்சியன் இருவரும் 2001இல் எழுதினார்கள். பெண்களின் வலி உணர்ச்சிவசப்பட்டதாகக் கருதப்படுவதும், அதற்குப் போதிய சிகிச்சை கிடைக்காமல் போவதும் அதில் வெளிப்பட்டது. ஆய்வகத்தின் கதையும் இதுதான். 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. 1993இல்தான் அது மாறியது. வலி ஆய்வில் நெடுங்காலம் பயன்பட்ட எலிகளும் பெரும்பாலும் ஆண் எலிகளே.

நம் பக்கம்

மரியன் சிம்ஸின் காலம் போய்விட்டது என்று நினைக்கிறோமா? 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம், முகாம் முறைக் கருத்தடையை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. மேசைமேல் ஏறியவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், தலித் பெண்கள், பழங்குடிப் பெண்கள் என்பதை அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது மறக்கக்கூடாது.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் தெரியாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்ததாக அவர்கள் சொன்னார்கள். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் மிஷின் ஓடும். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து மில் வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் ஒருமுறை நின்று அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலி நிஜம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் மருந்து கிடைக்காத கதை ஒன்று உண்டு. சட்டப்படி அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மார்ஃபின் விலை மலிவு. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பல உரிமங்களுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண மருத்துவ மையம் வழி காட்டியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றானது.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு படிக்கட்டு முறையை வெளியிட்டது. முதல் படி பாராசிட்டமால் போன்ற மருந்துகள், இரண்டாவது கோடீன் போன்றவை, மூன்றாவது மார்ஃபின். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு விதி. வலி வந்து நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு அந்த விதி எவ்வளவு பெரிய நியாயம்!

அம்மாயிக்கு அது இரண்டாம் வாரத்தில் கிடைத்தது. வயதான வேறொரு செவிலியர் வந்தார். எண் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ராத்திரி திரும்பிப் படுக்க முடியுதாம்மா? குத்துதா, எரியுதா, இழுக்குதா? காலுக்கு இறங்குதா?" என்றார். அம்மாயி கால் மணி நேரம் பேசினாள். அவள் தன் உடம்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. அட்டையில் இருந்த மூன்று அன்று எட்டானது. மாலையில் மார்ஃபின் மாத்திரை தொடங்கினார்கள். அன்று இரவு அவள் தூங்கினாள். இன்னும் நான்கு மாதம் இருந்தாள். அந்த நான்கு மாதமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவோடு பேசினாள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகாது என்றும் சேர்த்திருக்கிறது. அம்மாயி காலத்தில் இவை இல்லை. இப்போது இருப்பவற்றைக் கேட்டு வாங்க நமக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண் நிச்சயம் இருப்பார். இன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எத்தனை நாளாக, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.