சுவரில் பதிக்கும் உத்திரம்: ஒரு நகரம் அண்டை வீட்டாரைத் தடுத்த வரலாறு

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் இடம்பெற்றுள்ளது. அண்டை வீட்டார் நம் சுவரில் தம் மரக்கட்டையைப் பதிக்க வந்தால் நாம் அவரைத் தடுக்கலாகாது என்பது அதன் கருத்து. இது கடமையா, விரும்பத்தக்கதா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் உட்பொருள் தெளிவானது. சுவர் நம்முடையதே, அண்டை வீட்டாரின் கூரை நிற்பதற்கு அதில் ஓரளவு இடம் தர வேண்டிய பொறுப்பும் நம்முடையதே. ஒரு நகரம் முழுவதும் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டால் என்னவாகும்? அமெரிக்காவின் வடபகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த மினியாபொலிஸ் நகரின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1910-ஆம் ஆண்டு அந்நகரில் விற்கப்பட்ட ஒரு மனையின் கிரயப் பத்திரத்தில் புதிய நிபந்தனை ஒன்று சேர்க்கப்பட்டது. சீனர், ஜப்பானியர், மூர்கள், துருக்கியர், கறுப்பினத்தார், மங்கோலியர், ஆப்பிரிக்கர் ஆகிய எவருக்கும் அம்மனையை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வாடகைக்கு விடவோ கூடாது என்பதே அது. மூர் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். இலங்கைச் சோனகரை ஆங்கில ஆவணங்கள் இன்றும் அப்பெயராலேயே குறிக்கின்றன. நம்மை ஒருபோதும் கண்டிராத ஒரு தெருவில், நம் பெயரும் விலக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தது. இத்தகைய நிபந்தனை கொண்ட பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின.

பத்திரம் தடுக்காத இடத்தில் கூட்டம் தடுத்தது. 1931-இல் ஆர்தர் லீ, எடித் லீ என்னும் கறுப்பினத் தம்பதியர் அந்நகரின் தென்பகுதியில் சிறு வீடொன்றை வாங்கிக் குடியேறினர். ஆர்தர் முதல் உலகப்போரில் பணியாற்றியவர். அஞ்சல் துறை ஊழியர். அவர்களை வெளியேற்றுவதற்காக ஆயிரக்கணக்கானோர் அவ்வீட்டின் முன் திரண்டனர். லீனா ஆலிவ் ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் அவர்களுக்குத் துணை நின்றார். தம்பதியர் உடனே பணிந்துவிடவில்லை. எனினும் சில ஆண்டுகளிலேயே அவ்வீட்டை விட்டு நீங்கினர்.

கூட்டத்தைவிட அமைதியாக வேலை செய்த கருவி ஒன்றும் உண்டு. அது நகர வரைபடம். இனத்தின் பெயரால் தெருக்களைப் பிரிக்கும் நகரச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. ஆனால் கட்டடத்தின் வகையால் தெருக்களைப் பிரிக்கலாம் என்று 1926-இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடி ஓர் ஒட்டுண்ணிக்கு நிகரானது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நகரங்கள் வரைபடத்தில் கோடு போட்டு, "இங்கு ஒரு மனைக்கு ஒரு வீடு மட்டுமே" என்று விதித்தன. அவ்விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஒரு முழு மனையையும் தனியாக வாங்கும் வசதி இல்லாதவருக்கு அங்கு இடமும் இல்லை.

இனத்தைக் குறிப்பிடும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டுவதை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. வரைபடத்தின் கோடுகளோ அப்படியே நீடித்தன. மினியாபொலிஸ் நகரின் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் தனிவீடுகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

2018 டிசம்பரில் நகர்மன்றம் இதை மாற்றும் திட்டத்தை நிறைவேற்றியது. தனிவீட்டுத் தெருக்களிலும் ஒரு மனையில் மூன்று குடும்பங்கள் வரை வாழும் வகையில் கட்டலாம். பேருந்தும் ரயிலும் செல்லும் பெருந்தெருக்களில் இன்னும் உயரமாகக் கட்டலாம். தெருவின் அழகும் அமைதியும் மரநிழலும் கெடும் என்று பலர் அஞ்சினர். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி வழக்கும் தொடுக்கப்பட்டது. அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பாதையின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு தீர்ப்பளித்த மார்க்கம் நம்முடையது. தெருவுக்கும் வரம்பு வேண்டும். அவ்வரம்பு வழிப்போக்கருக்கு இடம் தருவதற்காக விதிக்கப்பட்டது. வர விரும்புவோரை விலக்குவதற்காக அன்று.

விளைவு என்ன? மூன்று குடும்ப வீடுகள் அதிகம் எழவில்லை. பெருந்தெருக்களின் அடுக்குமாடிகளே பெருகின. 2017 முதல் 2022 வரை நகரின் வீடுகள் 12 சதவீதம் கூடின. வாடகை 1 சதவீதமே உயர்ந்தது. அதே காலத்தில் மாநிலத்தின் பிற பகுதிகளில் வாடகை 14 சதவீதம் உயர்ந்தது. முந்தைய சில சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த சோமாலிய முஸ்லிம்கள் பல்லாயிரவர் இன்று அந்நகரில் வாழ்கின்றனர். 2023-இல் ஐவேளையும் பாங்கொலி வெளியே கேட்க அனுமதித்த முதல் அமெரிக்கப் பெருநகரமும் அதுவே. 1910-இல் "மூர்களுக்கு இடமில்லை" என்று எழுதிய நகரம் அது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. பெயரைச் சொன்னதும் "வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது" என்னும் பதிலைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த வலியை அறிந்த நாம், நம்மிடம் வீடு கேட்டு வருவோருக்கு என்ன பதில் சொல்கிறோம்? வட மாநிலத் தொழிலாளி, புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர், பிள்ளைகளுடன் தனித்து வாழும் தாய் ஆகியோர் நம் மஹல்லாவில் வாடகைக்கு வீடு தேடினால், நம் வாசலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறதா? அடுத்த மனையில் மாடி எழும்போது நாம் எழுப்பும் ஆட்சேபம் வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவுமா, அல்லது குடிவரப்போகிறவர் யார் என்பதற்காகவா?

வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு அண்டை வீட்டாரைக் குறித்து நபி (ஸல்) அவர்களுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தினார்கள். உத்திரம் பதிக்க வருபவரைத் தடுக்காத கைகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.