நீலக் குப்பியும் ஒரு சொட்டு ரத்தமும்

“சுகர் இன்னும் வரல, ஆனா பார்டர்ல இருக்கு” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினால், அந்த வாரமே மருந்துக்கடையில் குளுக்கோமீட்டர் வாங்கிவிடும் குடும்பங்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உண்டு. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிப் பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கும் நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டைக்கும் இது புதிதல்ல. ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அப்படியொரு ‘பார்டர்’ இருப்பதே இப்படிப்பட்ட குடும்பங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் வைத்துச் செய்த சோதனையின் கண்ணுக்கு அது தென்படவே தென்படாது.

அந்தச் சோதனை ஒரு நீலக் குப்பியில் இருந்தது. அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கரைசல் அது. மயில்துத்தம், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட் மூன்றும் சேர்ந்த நீல நீர். பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் உட்கார்ந்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சளானால் அதற்கு மேல், ஆரஞ்சு இன்னும் மேல், செங்கல் சிவப்பு வந்தால் மிக அதிகம். நிறத்தைப் பார்த்து நோட்டில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவார்கள். வசதியும் படிப்பும் இருந்த வீடுகளில் மட்டும் நடந்த வேலை இது. கொதிக்கும் கரைசல் திடீரென்று பொங்கிக் கையில் தெறிக்கும் என்பதால் குழாயின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லித்தருவார்கள்.

சிறுநீரில் இனிப்பைத் தேடும் அறிவு நமக்குப் புதிதல்ல. எறும்பு மொய்க்கும் சிறுநீரைப் பற்றி சுசுருதர் காலத்து மருத்துவமே பேசியிருக்கிறது. சித்த மருத்துவத்தில் நோயின் பெயரே மதுமேகம். அதற்குத் தரும் மருந்துகளில் ஆவாரைக் குடிநீர் இன்றும் முன்னணியில் நிற்கிறது. ஐரோப்பாவில் மாத்யூ டாப்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1776-இல் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்து, மிஞ்சிய படிவம் சர்க்கரைதான் என்று காட்டினார். பெனடிக்டின் குப்பி இந்த நீண்ட வரிசையில் ஒரு கண்ணி.

அந்த வரிசை முழுவதற்கும் ஒரு பொதுக் குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்வரை சிறுநீரகம் அதை வெளியே விடுவதில்லை, வடிகட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் குப்பி பச்சையாக மாறும்போது நோய் வந்து உட்கார்ந்து நாளாகியிருக்கும். வெறும் வயிற்றில் 115 இருப்பவருக்கும் 85 இருப்பவருக்கும் அந்த நீலத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. இன்று நாம் முன்நீரிழிவு என்று சொல்லும் நிலையில் அன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். எல்லோரும் நலம் என்றுதான் அந்தக் குப்பி சொல்லியிருக்கும்.

ரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டணம் போக வேண்டும். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். பொது மருத்துவமனை ஒன்றில் அப்படியொரு பிரிவு இந்தியாவில் அதற்கு முன் இருந்ததில்லை. 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்காகவே ஒரு மருத்துவமனையை நிறுவினார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது வெறும் உபசாரமல்ல. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் சென்னை ஆய்வுகள் பலவற்றின் வேர் அந்த ராயபுரத்தில் இருக்கிறது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானதிலிருந்து, பொதட்டூர்பேட்டை இருக்கும் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திலேயே இல்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. மாநிலம் எதுவானாலும் ரத்தத்தைச் சோதிக்கச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போயாக வேண்டிய நிலை மாறவில்லை. அன்றைய ஆய்வகத்தில் நரம்பில் ஊசி குத்திக் குழாய் நிறைய ரத்தம் எடுப்பார்கள்.

குழாய் ரத்தம் ஒரு சொட்டாகச் சுருங்கியது 1965-ஐ ஒட்டி. அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் ‘டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ்’ என்ற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. அதன் முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தை அதில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, தெரிகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் மாறித் தெரிந்ததால், நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் ஒரு பெட்டியை ஏம்ஸின் பொறியாளர் ஆன்டன் கிளெமென்ஸ் வடிவமைத்தார். ஒரு கிலோவுக்கு மேல் எடை, பல நூறு டாலர் விலை. மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் மட்டுமே விற்பனை.

வீட்டுப் பரிசோதனையின் வரலாறு உண்மையில் தொடங்குவது அந்தப் பெட்டியை ஒரு நோயாளி கைப்பற்றியபோதுதான். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க்கைச் சேர்ந்த பொறியாளர். பன்னிரண்டு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. முப்பதுகளின் நடுவிலேயே உடல் தளர்ந்து, சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருந்தது. மயங்கிக் கிடப்பவர் குடித்திருக்கிறாரா, நீரிழிவால் விழுந்தாரா என்று இரவில் கண்டுபிடிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு உதவும் என்ற விளம்பரத்தில் 1969-இல் அந்தக் கருவியைப் பார்த்தார். நோயாளிக்கு விற்க மாட்டோம் என்றது நிறுவனம். அவருடைய மனைவி மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார்கள். தினமும் ஐந்தாறு முறை விரலைக் குத்திப் பார்த்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று பொறியாளருக்கே உரிய பொறுமையோடு எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, உடம்பும் தேறியது. இதைக் கட்டுரையாக்கி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். நோயாளி தானே அளந்துகொள்ள வேண்டிய தேவை என்ன என்ற எண்ணம் அன்று அவ்வளவு ஆழமாக இருந்தது. பொறியாளர் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து, 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். மருத்துவராகி, 90 வயதுவரை வாழ்ந்து, 2025-இல் மறைந்தார்.

அவர் கல்லூரியில் சேர்வதற்குள் காற்று திசை மாறியிருந்தது. நோயாளிகள் வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையைச் சரியாக அளக்க முடியும், அதனால் பயனும் உண்டு என்று 1978-இல் இங்கிலாந்தின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ‘லான்செட்’ இதழில் எழுதின. 1987-இல் ‘எக்ஸாக்டெக்’ வந்தது. பேனா அளவுக் கருவி. நிறத்தைப் பார்ப்பதை விட்டு, ரத்தச் சர்க்கரையோடு நொதி வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்தது. கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். இன்று நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் கருவிகளெல்லாம் அந்த வழியில் வந்தவை.

இந்தியாவில் கருவியின் விலை மளமளவென்று இறங்கியது. ஸ்ட்ரிப்பின் விலை அப்படி இறங்கவில்லை. ஒரு முறை குத்திப் பார்க்கப் பத்து, இருபது ரூபாய் ஆகிறது. கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

ஒரு சொட்டு ரத்தம் போதும் என்றான பிறகுதான் வீட்டில் ‘பார்டர்’ கண்ணில் பட்டது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அதற்குக் கீழே 100 முதல் 125 வரை முன்நீரிழிவு என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 110-இலிருந்து தொடங்குகிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தாலும் அதே நிலைதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்றால் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை.

இந்த நிலையில் இருப்பவர்களை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மவர்களைப் பற்றிய பதில் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 531 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோரும் குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் ‘பார்டர்’ என்று உறுதியானவர்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. அமெரிக்க, சீன ஆய்வுகளோடு ஒப்பிட்டால் மிக வேகம். நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை. 2006-இல் வெளியான இந்த முடிவுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில் அதே குழு, செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினாலே போதுமா என்று 537 ஆண்களிடம் சோதித்தது. இரண்டு ஆண்டில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம்.

பொதட்டூர்பேட்டை போன்ற ஊருக்கு இதெல்லாம் எதற்கு, இது நகரத்து நோய்தானே என்ற எண்ணத்தை 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு உடைத்துவிட்டது. விஸ்வநாதனின் மகன் டாக்டர் வி. மோகனும் பேத்தி டாக்டர் ஆர்.எம். அஞ்சனாவும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 15.3 சதவீதம் பேருக்கு முன்நீரிழிவு. நீரிழிவு நகரத்தில் கூடுதல். முன்நீரிழிவோ நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. குழித்தறியில் காலால் மிதித்து, கையால் நாடா ஓட்டி நெய்த காலம் போய், மோட்டார் ஓட்டும் விசைத்தறி வந்த ஊர்களில் இந்த எண்ணைப் பார்க்கும்போது உடலுழைப்பு எங்கே போனது என்ற கேள்வி எழாமல் இராது. தட்டில் சோறு குறைந்ததா என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, வீட்டுப் பரிசோதனைக்கு வேறொரு பொருள் வந்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வருகிறார். ரத்த அழுத்தம் பார்க்கிறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். கருவி வாங்க வேண்டாம், ஸ்ட்ரிப்புக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு காலத்தில் நிறுவனம் நோயாளிக்கு விற்க மறுத்த பரிசோதனை, கேட்காமலேயே வாசலுக்கு வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் பெருமைகளில் இதைத் தயங்காமல் சேர்க்கலாம்.

இவ்வளவு தூரம் வந்த கருவிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ‘பார்டர்’ என்று கேட்டவர்கள்தான் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இன் பன்னாட்டுத் தர விதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் வீட்டுக் கருவி 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 110 இருப்பவருக்கு ஒரு நாள் 95 காட்டும், இன்னொரு நாள் 125 காட்டும். முதல் எண் ‘ஒன்றுமில்லை’ என்கிறது, இரண்டாவது எண் நீரிழிவின் வாசலில் நிறுத்துகிறது. மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் ஏறும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தாலும், தேதி தாண்டினாலும் எண் தவறும். 250 இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சிகிச்சையை மாற்றாது. எல்லையில் நிற்பவருக்கோ தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

தினமும் குத்திப் பார்ப்பதால் சர்க்கரை குறைகிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இன்சுலின் போடாத இரண்டாம் வகை நோயாளிகளிடம் 2007-இல் இங்கிலாந்திலும் 2017-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் நடந்த ஆய்வுகள், ஓராண்டு முடிவில் குத்தியவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும் எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றன. பெர்ன்ஸ்டைனுக்கு உயிர் கொடுத்தது வெறும் எண் அல்ல. எண்ணைப் பார்த்து அவர் மாற்றிய இன்சுலினும் உணவும். முன்நீரிழிவில் மாற்றுவதற்கு இன்சுலின் இல்லை, உணவும் நடையும்தான் இருக்கின்றன. ஆகவே கருவி வாங்கியவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் அதைப் பாடம் கற்கப் பயன்படுத்தலாம். இட்லிக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு நாள், கேழ்வரகுக் களிக்கு ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு அரை மணி நடந்த ஒரு நாள் என்று பார்த்து எழுதிவைத்தால், எது தனக்கு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு தினசரி குத்தலுக்கு வேலை இல்லை. அந்த ஸ்ட்ரிப் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

நோய் எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதை நரம்பில் எடுத்த ரத்தத்தை வைத்து ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ‘பார்டர்’ என்று ஒருமுறை கேட்டவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே போய்ப் பாருங்கள். வீட்டில் எழுதிவைத்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.